ஒன்பதடிப் பாதை

கல்யாணமான முதல் சில வருஷங்கள் என் மனைவி என் முதுகோடுதான் பேசினாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கணவன் முன்னால் போவான், மனைவி நாலைந்து அடி பின்னால் வருவாள். சந்தையானாலும் கோயிலானாலும், துக்கம் கேட்கப் போனாலும், அந்த இடைவெளி மாறாது. அவள் ஏதாவது சொன்னால் நான் நின்று திரும்பிப் பார்ப்பேன். நான் நின்றதும் அவளும் நின்றுவிடுவாள். எத்தனை முறை நின்றாலும் எங்களுக்கு நடுவில் இருந்த மண் அப்படியேதான் இருக்கும்.

அவள் புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். மாலை வேளையில் பிரெஞ்சுக்காரத் தம்பதிகள் அந்தச் சாலையில் கைகோத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பார்களாம். போய்ச் சேர்ந்ததும் திரும்பி வருவார்களாம். அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. எதையும் எடுத்துப் போவதில்லை, எதையும் வாங்கி வருவதில்லை. சிறுமியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கதையை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

நான் ஜில்லா போர்டில் ஓவர்சியராகத் திண்டிவனத்தில் இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஒருநாள், தாய்வீட்டுக்குப் போயிருந்தவளைப் புதுச்சேரியிலிருந்து அழைத்து வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுங்க. முதுகுதான் ஞாபகம் இருக்குது."

நான் சிரித்தபடி திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு நாள், பக்கத்துல நடந்துக்கினே உங்ககிட்ட பேசணும். ஊட்டுக்குள்ள இல்ல. வெளியில, ஆகாசத்துக்குக் கீழ."

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். நான் முன்னால் திரும்பி நடந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. ஊருக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இடம் கிடைக்கவில்லை. ஏரிக்கரை சும்மாதானே கிடக்கிறது, அதன் மேல் காற்று வாங்க ஒரு நடைபாதை போட்டால் என்ன என்று பேச்சு வந்தது. வரைபடம் போட்டுத் தரும்படி என்னைக் கேட்டார்கள்.

அதுவரை நான் போட்ட சாலைகளெல்லாம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவை. கூட்டேரிப்பட்டுக்குக் கல் ஏற்றிய வண்டி எந்த மேட்டில் திணறும், அனந்தபுரம் சந்தைக்குப் போகிற மாடு எந்த ஓடையில் மிரளும் என்றெல்லாம் யோசித்துப் பழகியவன். எங்கும் போகாத பாதை ஒன்றை வரைய உட்கார்ந்தபோது எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. மாலையில் போய்க் கரையின் மேல் வெறுமனே நடந்து பார்த்தேன். மேற்கே ஏரி. கிழக்கே கரைக்குக் கீழே, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைக் கொல்லையும் கேழ்வரகுக் கொல்லையும். வானம் தெளிந்த நாளில் ஏரிக்கு அப்பால் செஞ்சி மலைகள் நீலக் கறை போலத் தெரியும். கரை நேராகப் போகாமல் நடுவில் ஒரு முறை வளைந்தது. அந்த வளைவுக்குப் போகும்வரை பாதையின் மறு கோடி கண்ணுக்குத் தெரியாது. நேரான பாதை நடக்கு முன்பே அலுப்பூட்டும். வளைந்த பாதை காலை இழுத்துக்கொண்டே போகும். அதனால் வளைவை அப்படியே விட்டேன். வளைவில் உட்காருவதற்கு ஒரு நீளக் கல் என்று குறித்தேன்.

கரை மேல் மரம் வைக்க அனுமதி கிடையாது. வேர் கரையைப் பிளந்துவிடும். ஆகவே கரைக்கு வெளியே, கிழக்குச் சரிவின் அடியில், புங்கங்கன்றுகளை வரிசையாக வைக்கத் திட்டமிட்டேன். மாலை வெயிலுக்கு அந்த நிழல் பாதையில் விழாது. எதிர்ப்புறம் விழும். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் மரம் வளர்ந்தால் அதன் தலை பாதையின் உயரத்துக்கு வரும். நடக்கிறவர் கையை நீட்டினால் பூவைத் தொடலாம். காலடியில் வேரும் கையருகில் பூவுமாக மரங்களை ஒட்டி நடக்கிற இடம் எங்கள் பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

பாதையின் அகலம் ஒன்பது அடி என்று எழுதினேன்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் மரத்தைப் பற்றியோ கல்லைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. அகலத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். உறுப்பினர்களில் பெரியவர் ஒருவர் இருந்தார். நிறைய நிலம், நிறைய வாய்.

"இன்னா ஓவர்சியரே, ஆள் நடக்க நாலடி போதாதா? தேரு ஓட்டப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எதிரும் புதிருமா ஆள் வந்தா ஒதுங்கணுங்களே," என்றேன். "மழையில ஓரம் கரைஞ்சாலும் நடு நிக்கும்."

இரண்டும் உண்மைதான். ஆனால் நான் மனத்தில் போட்ட கணக்கு வேறு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் கை வீசி நடக்க ஐந்தடி, எதிரே வருகிறவருக்கு மீதி. யார் வந்தாலும் அவள் பின்னால் ஒதுங்க வேண்டியிருக்கக் கூடாது. அதைக் கூட்டத்தில் சொல்ல முடியுமா? அகலம் ஒன்பதடியாகவே நின்றது.

செம்மண் கிராவல் கொட்டிக் கெட்டித்தோம். கன்றுகளுக்கு முள்ளடைப்புக் கட்டினோம். ஆடுகள் முதல் வாரத்திலேயே பாதி அடைப்பைத் திறந்து காட்டின. மறுபடி கட்டினோம். தண்ணீர் ஊற்ற, ஏரிக்குக் கீழேயுள்ள சேரியிலிருந்து ஒரு பெண்ணை அமர்த்தினேன். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத குடும்பம். விடிந்தால் நடவு, களை, அறுப்பு என்று எதற்காவது எங்காவது நடந்து போகிறவள். கரை மேல் எதற்குக் கிராவல் கொட்டுகிறார்கள் என்று என் மனைவியிடம் கேட்டாளாம்.

"நடக்கறதுக்கு," என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"எங்க போறதுக்கும்மா?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கறதுக்கு."

அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாளாம். "இன்னாம்மா பேஜாரு இது! நடக்காம குந்திக்கினா போதும்னு எங்க காலு கெஞ்சுது. உங்களுக்கு நடக்கறதுக்குப் பாதை போட்டுத் தர்றாங்களா?"

இதை என்னிடம் சொல்லும்போது என் மனைவியும் சிரித்தாள். "அது கேட்டது ஞாயந்தானே?" என்றாள்.

நானோ பஞ்சாயத்துக்காரர்களோ கரை மேல் வந்தால் அந்தப் பெண் குடத்தோடு சரிவில் இறங்கி நிற்பாள். நாங்கள் கடந்த பிறகு மேலே ஏறுவாள். ஒன்பதடியில் அவளுக்கு இடம் இருந்தது. ஆனாலும் இறங்குவாள்.

பாதை முடிந்தது. ஆண்கள் வந்தார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், மல்லாட்டை மண்டிக்காரர்கள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இருவர் மூவராக வம்பு பேசி நடந்தார்கள். பெண்கள் ஒருவரும் வரவில்லை. நான் என் மனைவியை அழைத்தேன்.

"எப்படிங்க வர்றது?" என்றாள். "வழியில யாராச்சும் எங்க போறேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"நடக்கப் போறேன்னு சொல்லு."

"நடக்கப் போறேன்னு எந்தப் பொம்பள சொல்லுவா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்குத் தெருவில் ஒரு காரணம் வேண்டும். இடுப்பில் குடமோ, கையில் பூக்கூடையோ, தலையில் சுமையோ இருந்தால் எத்தனை மைல் வேண்டுமானாலும் நடக்கலாம். வெறுங்கையோடு பத்தடி நடந்தால் பேச்சு வரும். நான் பாதையைப் போட்டேனே தவிர, அதன் முடிவில் ஒன்றும் வைக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது அவள்தான். கரை முடிகிற இடத்தில், கரைக்கு வெளியே, ஒரு மண்மேடு இருந்தது. அங்கே அரசும் வேம்பும் சேர்த்து நட்டால் என்ன என்று கேட்டாள். அரசு வேம்பு சேர்ந்த இடத்தில் நாகர் கல் வைப்பார்கள். சுற்றிவரப் பெண்கள் போவார்கள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில் சின்னச் செம்பும் மஞ்சளும் இருந்தால் போதும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அந்த மரத்தைச் சுற்றப் போனால் ஊர் என்ன நினைக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நெனச்சுக்கட்டும்," என்றாள். "பாவம்னு சொல்லிட்டாவது உடுவாங்க இல்ல?"

நட்டோம். தண்ணீர் ஊற்றும் பெண்ணின் கணக்கில் இரண்டு கன்றுகள் கூடின. ஒரு மண்டலம் நீரில் கிடந்த நாகர் கல்லை எடுத்து வைத்தார்கள். கன்றுகள் ஆள் உயரம் வருவதற்குள்ளேயே செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். போகும்போது வேகமாகப் போவார்கள். திரும்பும்போது மெதுவாக வருவார்கள். வளைவிலிருக்கும் கல்லில் உட்கார்ந்து செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏரியைப் பார்ப்பார்கள். ஏரிப் பக்கத்துக் காற்று முகத்தில் அடிக்கும்போது அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் போட்ட எந்தச் சாலையும் எனக்கு அந்த நிறைவைத் தந்ததில்லை.

என் மனைவியும் வந்தாள். நான் முன்னால், அவள் செம்போடு பின்னால். மரத்தைச் சுற்றும்போது அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை. திரும்பும்போது ஆள் இல்லாத சமயம் பார்த்து நான் நின்று, "இப்படி வாயேன்" என்று பக்கத்தைக் காட்டுவேன். அவளும் நிற்பாள். இடது பக்கம் நாலரை அடி, வலது பக்கம் நாலரை அடி, அத்தனை இடமும் காலியாகக் கிடக்கும்.

"கால் வரமாட்டேங்குதுங்க," என்பாள்.

இப்படியே வருஷங்கள் போயின. புங்க மரங்கள் வளர்ந்து அவற்றின் தலை பாதையோரம் எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். திண்டிவனத்தில் திண்ணை வரைக்கும் வாடகைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஏதோ கம்பெனியில் கணக்கு வேலை. அவர்களைக் குண்டு பயம் துரத்தி வந்திருந்தாலும் மாலை ஐந்தரைக்கு மேல் வீட்டுக்குள் இருக்க அவர்களால் முடியாது. கடற்கரைக்குப் போய்ப் பழகியவர்கள். ஏரிக்கரையை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள். அந்த அம்மாள் ஓயாமல் பேசினாள். அவர் நடந்தபடியே முகத்தைத் திருப்பிக் கேட்டார். ஒரு முறைகூட நிற்கவில்லை.

அரசமரத்தடியில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"பாருடி, நுகத்தடியில பூட்டினாப்பல ஜோடியா வர்றத!"

"மாடு பரவால்லடி. வாய மூடிக்கினு நடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்காமல் அந்தத் தம்பதி வளைவைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் செம்பை எடுக்கவில்லை. கரை மேல் ஏறினோம். பாதி தூரம் போயிருப்போம். பின்னால் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. பிறகு என் வலது தோளுக்கு நேராக அவள் குரல் கேட்டது.

"இந்தப் புங்கம்பூ பாருங்க, தொட்டா..."

நான் முகத்தைத் திருப்பினேன். நடந்துகொண்டேதான் திருப்பினேன். அவள் கன்னத்தில் ஏரியின் வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் கை பூவை நோக்கி நீண்டிருந்தது. அதற்குள் வளைவில் கைத்தடிச் சத்தம். தேர் ஓட்டப் போறீங்களா என்று கேட்ட அதே பெரியவர். நான் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினபோது என் வலப்பக்கம் காலியாக இருந்தது. அவள் நாலடி பின்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

"இன்னா ஓவர்சியரே, தேரு ஓடுதா?" என்று சிரித்தபடி கடந்து போனார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பழைய தமாஷை ஞாபகம் வைத்துக் கேட்டார், அவ்வளவுதான். அவருக்கு ஒதுங்கத் தாராளமாக இடம் இருந்தது. அதற்காகத்தான் நான் ஒன்பதடி போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "நான் பின்னால போகலங்க. காலே போயிடுச்சு."

பூவைத் தொட்டால் என்ன என்பதை அவள் சொல்லி முடிக்கவில்லை. மறுபடி கேட்டேன். மறந்துவிட்டது என்றாள்.

பட்டணத்துத் தம்பதி சில மாதங்களில் திரும்பிப் போனார்கள். அதற்குப் பின் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது.

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த பக்கம் எல்லாத் தெருவும் ரயில்வே ஸ்டேஷனில் போய் முடிந்தது. நடக்க என்று ஓர் இடம் கிடையாது. ஒருநாள் யாரையோ வழியனுப்பப் போனபோது ஒன்றைக் கவனித்தோம். பிளாட்பாரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூட்டம் இடிக்கிற இடத்தில் பெண்டாட்டியைப் பின்னால் விட்டால் தொலைந்துபோவாள். பக்கத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒரு பை இருந்தால் போதும், பிரயாணி என்று விட்டுவிடுவார்கள்.

அதன்பின் நினைத்தபோதெல்லாம் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவோம். பையில் ஒரு பழைய புடவையை மடித்து வைத்திருப்பாள், காலிப் பை தொங்கினால் தெரிந்துவிடும் என்று. யாராவது, "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டால் தயங்காமல், "திண்டிவனத்துக்கு," என்பாள். பட்டணத்து வண்டி வந்து, நின்று, திண்டிவனம் வழியாகப் போய்விடும். நாங்கள் மறு கோடிக்கு நடப்போம்.

போர்ட்டர் ஒருவன் எங்களைக் கண்டுகொண்டான்.

"இன்னாம்மா, இன்னிக்கும் வண்டி பூடுச்சா? நீங்க ஜல்தியா ஏறவே மாட்டீங்களா?"

"பூடுச்சுப்பா. நாளைக்குப் பாக்கலாம்."

பக்கத்தில்தான் நடந்தாள். ஆனால் எஞ்சின் ஊதும், நீராவி சீறும், காபி விற்கிறவன் கத்துவான். ஒரு வார்த்தைக்கு நாலு முறை "என்ன?" என்று கேட்க வேண்டும். ஒருநாள் அவளே சொன்னாள்: "பக்கத்துல நடக்கறது கெடச்சுது. ஆகாசம் இல்லீங்களே, மேல தகரம்."

வீட்டில் சாதம் பரிமாறும்போது திடீரென்று கேட்பாள். "புங்கமரம் இப்ப நம்ம இடுப்பு ஒசரம் வந்திருக்கும் இல்லீங்க?" மழை பெய்தால், "கரை ஓரம் கரைஞ்சிருக்குமா?" என்பாள். "நடு நிக்கும்," என்று நான் பஞ்சாயத்தில் சொன்ன பதிலையே சொல்வேன். முப்பது மைல்கூட இல்லை. ஆனால் போக ஒரு காரணம் வேண்டுமே. எங்களுக்கு அங்கே உறவு கிடையாது, நிலம் கிடையாது. ஒரு பாதையைப் பார்க்க ஊருக்குப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது?

நாற்பதுகளின் கடைசியில் காரணம் கிடைத்தது. பழைய ஆபீஸ் நண்பர் தன் பெண்ணின் கல்யாணத்துக்குத் திண்டிவனத்துக்கு அழைத்தார். இந்த முறை பையில் நல்ல புடவை. போர்ட்டர் எங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, "அப்பாடா, ஒருவழியா ஏறிட்டீங்க!" என்றான். சாப்பாடு முடிந்து, மாலையில் பந்தலை விட்டு நழுவினோம்.

மரங்கள் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தன. புங்கம்பூ பாதையோரம் இடுப்பளவில் மலர்ந்து கிடந்தது. வளைவில் கல் அப்படியே இருந்தது. ஆனால் பாதையைக் காணோம். யுத்த காலத்தில் யாரும் கிராவல் கொட்டவில்லை. புல் இரண்டு ஓரத்திலிருந்தும் ஏறி வந்திருந்தது. நட்ட நடுவில் ஓர் ஆள் கால் வைக்கிற அகலத்துக்கு மட்டும் மண் வழவழவென்று தேய்ந்து வெளுத்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகவே எல்லோரும் நடந்திருக்கிறார்கள். நான் ஒன்பதடி கொடுத்தேன். அவர்கள் ஓரடியை எடுத்துக்கொண்டு மீதியைப் புல்லுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் வெகுநேரம் அந்த ஒற்றையடித் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போல முன்னால் அடி எடுத்து வைத்தேன்.

"நில்லுங்க," என்றாள். "நீங்க இந்தப் பக்கம் புல்லுல எறங்குங்க. நான் அந்தப் பக்கம்."

அப்படியே நடந்தோம். நான் ஏரியோரம் புல்லில். அவள் மரத்தோரம் புல்லில். நடுவில் தேய்ந்த தடம் காலியாக எங்களோடு வந்தது. புல் முழங்கால்வரை இருந்தது. மெதுவாகத்தான் போக முடிந்தது. அவள் பேசினாள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு அதிகம் என்றாள். புதுச்சேரியில் அவள் தங்கைக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றாள். நான் நிற்காமல், முகத்தை மட்டும் திருப்பிக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தது. என் மனைவியின் பேச்சு நின்றது. கால் என்ன செய்யப் போகிறது என்று பார்த்தேன். கால் நிற்கவில்லை.

தலையில் புல்லுக்கட்டோடு வந்தவள் எங்கள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய பெண். தலை நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் பழக்கத்தில் சரிவுப் பக்கம் இறங்கக் காலைத் திருப்பினாள்.

"எறங்காத. நீ பாதையிலயே வா," என்றாள் என் மனைவி.

அவள் தயங்கி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பிறகு தடத்தோடு எங்களுக்கு நடுவில் வந்தாள். கட்டிலிருந்து பச்சை வாசனை வந்தது.

"இன்னாம்மா இது? அய்யா போட்ட பாதைய எனக்கு உட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் புல்லுல நடக்கறீங்க?"

"சும்மா நடக்கறோம்."

"இன்னும் எங்கயும் போய்ச் சேரலியா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கடந்து போனாள்.

அரசமரம்வரை நடந்தோம். வேம்பும் அரசும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு பெரிதாகியிருந்தன. அவள் அதைச் சுற்றவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "வண்டிக்கு நேரமாச்சு" என்றாள். திரும்பும்போதும் அதே மாதிரி, ஆளுக்கொரு பக்கம்.

ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் ஜனங்கள் இருந்தார்கள். அவள் பின்னால் வந்தாள்.

வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்போதுதான் பார்த்தேன், என் வேட்டியின் கரை முழுவதும் ஒட்டுப்புல் விதைகள். அவள் புடவையிலும் அப்படியே. அவள் குனிந்து என் வேட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். மயிலம் தாண்டும்வரை அந்த வேலை நடந்தது.

"உன் புடவையில இருக்கறது?" என்று கேட்டேன்.

கீழே பார்த்தாள். கொசுவத்தை ஒழுங்காக மடக்கி, விதைகள் உதிராதபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்," என்றாள்.